இரண்டு பவுன் கருகமணி

கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளியில் ஆவணி முகூர்த்தத்தில் ஒரு பெண்ணின் கழுத்தில் ஏறப்போகிற கருகமணிச் சங்கிலியைப் பற்றி மாசியிலேயே பேச்சு தொடங்கிவிடுகிறது. பேசுகிறவர்களுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. அவள் ஊரையும் தெரியாது. ஒரு பெரிய நகை நிறுவனத்தில் விற்பனைப் பிரிவும் வடிவமைப்புப் பிரிவும் தொழிற்சாலையும் நிதிப் பிரிவும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வரும் மாதங்களில் எந்த வட்டாரத்தில் எந்த நகை எத்தனை போகும் என்று வாதாடி ஒரு எண்ணுக்கு வந்து சேர்கின்றன. ‘தமிழ்நாடு–கர்நாடக எல்லை, 22 கேரட் கருகமணி, 12 முதல் 20 கிராம்’ என்பதுபோன்ற ஒரு வரியில், வெறும் இலக்கமாக, சங்கிலி முதன்முதலில் உலகத்துக்கு வருகிறது.

இந்தக் கூட்டத்துக்குத் தொழிலில் ‘எஸ் அண்ட் ஓ.பி.’ என்று பெயர். விற்பனையையும் உற்பத்தியையும் ஒரே கணக்கில் கட்டித் திட்டமிடுவது. 1980களில் ஆலிவர் வைட் என்ற ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லிங் இதை ஒரு முறையாக வகுத்துக் கொடுத்தார். விற்கிறவர் எதுவும் தீர்ந்துபோகக் கூடாது என்று எல்லாவற்றையும் கூடுதலாகக் கேட்பார். செய்கிறவர் ஒரே மாதிரியை நிறையச் செய்யத்தான் விரும்புவார். பணத்துக்குப் பொறுப்பானவர் சரக்கு தேங்கவே கூடாது என்பார். மூவரும் மூன்று எண்களை வைத்துக்கொண்டு வேலை செய்தால் நிறுவனம் நட்டப்படும். ஆகவே மாதம் ஒருமுறை உட்கார்ந்து ஒரே எண்ணுக்கு எல்லோரும் பொறுப்பேற்க வேண்டும். சோப்பு, டயர் மாதிரியான பொருள்களுக்கு இது பழகிப்போன வேலை. நகைக்கு வரும்போதுதான் கடினமாகிறது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு வீட்டின் விலை கிடக்கிறது. ஒரு நகைபோல இன்னொன்று இல்லை. வாங்குகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே அதிகம்.

நான் சொல்லும் சங்கிலி குறிப்பிட்ட ஒன்றன்று. ஓசூரிலிருந்து இப்படிப் புறப்படுகிற பல நகைகளில் ஒன்று. எடை இரண்டு பவுன், அதாவது 16 கிராம். ஓசூரைச் சொல்லக் காரணம் உண்டு. டைட்டன் நிறுவனத்தின் பதிவு முகவரி இன்றும் ‘3, சிப்காட் தொழில் வளாகம், ஓசூர்’ என்பதுதான். 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கடிகார நிறுவனம் அது. இன்றும் டிட்கோ கையில் 27.88 சதவீதப் பங்கு இருக்கிறது. டாடாக்களிடம் இருப்பது சுமார் 25 சதவீதம். அந்த நிறுவனத்தின் நகைக்கடையான தனிஷ்க்கில் விற்கும் ஒவ்வொரு நகையின் லாபத்திலும் கால் பங்குக்கு மேல் தமிழ்நாட்டு அரசு நிறுவனத்துக்கு உரியது என்பது நகை வாங்குகிற பலருக்குத் தெரியாது.

முதல் மேலாண்மை இயக்குநர் ஜெர்க்சிஸ் தேசாய், அன்று தர்மபுரி மாவட்டமாக இருந்த இந்தப் பகுதியின் கிராமங்களிலிருந்து பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்தார். வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்த அவர்களைக் கவனித்துக்கொள்ள ஓசூரிலேயே வளர்ப்புப் பெற்றோர் ஏற்பாடு செய்யப்பட்டார்கள். தொழிற்பேட்டைகளின் வரலாற்றில் இப்படி ஒரு செய்கை அரிது. அதனால் இங்கே பதிவு செய்கிறேன்.

கடிகாரக்காரர்கள் நகைக்கு வந்தது அந்நியச் செலாவணிக்காக. 1991-ல் நாடே 47 டன் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைக்கும் நிலைக்குப் போயிருந்தது. கடிகார உதிரிபாகங்களை இறக்குமதி செய்ய டாலர் வேண்டும். நகை செய்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தால் டாலர் வரும் என்பது யோசனை. அதற்கு ஓராண்டு முன்புதான், 1990-ல், தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியிருந்தது. 1963-ல் மொரார்ஜி தேசாய் 14 கேரட்டுக்கு மேல் புதுநகை செய்யத் தடை போட்டதில் தொடங்கிய அந்தக் கட்டுப்பாடு, ஊர் ஊராகப் பொற்கொல்லர் குடும்பங்களின் வாழ்க்கையை முறித்த ஒன்று. 1994-ல் ஓசூரில் நகை ஆலை வந்தது. 1996-ல் சென்னை கதீட்ரல் சாலையில் முதல் தனிஷ்க் கடை திறந்தது. உள்ளே இருந்தவை 18 கேரட் நகைகள், ஐரோப்பியச் சாயலில். நம் பெண்கள் பார்த்தார்கள், திரும்பிப் போய்விட்டார்கள். இருபத்திரண்டு கேரட் இல்லாத தங்கத்தை மகளுக்குச் சீராகக் கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வரவில்லை. நிறுவனம் நட்டத்தில் ஆண்டுகளைக் கடந்து, 22 கேரட்டுக்கு மாறிய பிறகே நிமிர்ந்தது. தொழிற்சாலை எதைச் செய்ய வல்லது என்பதிலிருந்து தொடங்கிய திட்டம் அது. வாங்குகிறவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்ற பாடத்துக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

இப்போது கருகமணிக்கு வருவோம். இந்த எல்லைப் பகுதியை நகைத் திட்டக்காரர்கள் கவனித்துப் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவே காரணம்.

வேப்பனப்பள்ளி தமிழ்நாட்டின் ஓரம். வடக்கே கர்நாடகம், கிழக்கே கொஞ்சம் போனால் ஆந்திரத்தின் குப்பம். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும். கலியாண நகை மொழிக்கு மொழி மாறும். தமிழ் வீட்டில் தாலிக்கொடி. அதிலும் சாதிக்கு ஒரு தாலி வடிவம். தெலுங்கு வீட்டில் இரட்டைப் பொட்டு, அதோடு நல்லபூசலு என்கிற கருமணிச் சங்கிலி. கன்னட வீட்டில் கரிமணி இல்லாமல் மாங்கல்யம் நிறையாது. தஞ்சாவூர்க் கடையில் கருகமணிச் சங்கிலி நாலு மாதம் தட்டில் கிடக்கலாம். ஓசூரில் அது கேட்டு வாங்கப்படும் நகை. சென்னைக் கணக்கில் ‘தமிழ்நாடு’ என்று ஒரே பெட்டிக்குள் இரண்டு ஊரையும் அடைத்தால் இரண்டு இடத்திலும் தவறு நடக்கும்.

நாட்காட்டியும் அப்படித்தான். தமிழ் வியாபாரிக்கு ஆடி மந்தம். முகூர்த்தம் இல்லை, தள்ளுபடி போட்டுத் துணி விற்பார்கள், நகைக்கடையில் ஈ ஓட்டுவார்கள். ஆனால் வரலட்சுமி விரதம் சந்திரக் கணக்கில் வருவது. 2025-ல் அது ஆகஸ்ட் 8, ஆடி 23. 2024-ல் ஆகஸ்ட் 16, ஆடி முடியும் நாள். 2023-ல் ஆகஸ்ட் 25, ஆவணி பிறந்து எட்டாம் நாள். கன்னட, தெலுங்கு வீடுகளில் அன்று லட்சுமிக்கு முன் ஒரு பொட்டுத் தங்கமாவது புதிதாக வைக்க வேண்டும். ஆகவே ஓசூர், பாகலூர், பேரிகை, வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் ஆடி மந்தமா இல்லையா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ‘போன ஆடியில் எவ்வளவு விற்றது’ என்று பார்த்து இந்த ஆடிக்கு எண் போடுகிறவர் ஏமாறுவார்.

உகாதி இன்னும் பெரிய சிக்கலைக் கொடுக்கும். 2023-ல் மார்ச் 22, 2024-ல் ஏப்ரல் 9, 2025-ல் மார்ச் 30. நிறுவனக் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவது. இந்தத் தேதிகளை அதில் வைத்துப் பாருங்கள்: 2023–24 நிதியாண்டில் ஒரு உகாதிகூட இல்லை, 2024–25-ல் இரண்டு. எல்லைப்புறக் கடையின் மேலாளர் முதல் ஆண்டு சோம்பேறியாகவும் அடுத்த ஆண்டு வீரராகவும் அட்டவணையில் தெரிவார். பண்டிகையை அறிந்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர் இருந்தால்தான் அவரைக் காப்பாற்ற முடியும். அட்சய திருதியையும் இப்படியே நகரும்: 2023-ல் ஏப்ரல் 22, 2024-ல் மே 10, 2025-ல் ஏப்ரல் 30. அது காலாண்டு எல்லையைத் தாண்டுவதில்லை என்பது ஒரு நிம்மதி.

எண் முடிவானதும் உலோகம் வேண்டும்.

வேப்பனப்பள்ளியிலிருந்து வடக்கே நேர்க்கோட்டில் அளந்தால் 30 கிலோமீட்டர் சொச்சத்தில் கோலார் தங்கவயல். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நவீனச் சுரங்கத்தைத் தொடங்கியது முதல் 2001 பிப்ரவரி 28-ல் மூடியது வரை, சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் அங்கே எடுக்கப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் இந்தச் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் போனவர்கள். அவர்கள் தோண்டிய பாறைப் பட்டை தெற்கே குப்பம் பக்கத்துச் சிகர்குண்டா, பிசாநத்தம் வரை நீள்கிறது. அங்கும் ஒரு காலத்தில் சுரங்கம் ஓடியது. அத்தனை அருகில் தங்கம் இருந்த நிலத்துக்கு, இன்று தங்கம் விமானத்தில் வருகிறது. உலகத் தங்கக் கவுன்சிலின் கணக்குப்படி 2024-ல் இந்தியாவின் தங்கத் தேவை 802.8 டன். கோலார் 120 ஆண்டுகளில் தந்ததை நாம் ஓராண்டில் வாங்கி முடிக்கிறோம். உள்நாட்டுச் சுரங்க உற்பத்தி இதில் ஒரு சிட்டிகை; ரெய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியே அதில் முதன்மை. மீதி இறக்குமதியும் பழைய நகையை உருக்கியதும்தான். இறக்குமதியில் பெரும்பங்கு சுவிட்சர்லாந்துச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து.

அந்தக் கட்டியை நகை நிறுவனம் பெரும்பாலும் ரொக்கம் கொடுத்து வாங்குவதில்லை. வங்கியிடம் தங்கமாகவே கடன் வாங்குகிறது. கடன் கிராமில், வட்டி குறைவு. நகை விற்கிற நாளில் அன்றைய விலைக்கு வங்கியோடு கணக்கைத் தீர்ப்பார்கள். இதனால் இடையில் தங்கம் ஏறினாலும் இறங்கினாலும் நிறுவனத்துக்குப் பாதிப்பில்லை. அதன் லாபம் செய்கூலியில் மட்டுமே. ஆனால் உள்நாட்டு நகைக்கு இந்தக் கடன் 180 நாளுக்குள் திரும்ப வேண்டும் என்பது பல ஆண்டுகளாக இருந்த விதி. கட்டி உருகிக் கம்பியாகி, நகையாகி, முத்திரை வாங்கி, கடைத் தட்டில் உட்கார்ந்து, ஒரு கழுத்துக்குப் போய்ச் சேர அரை ஆண்டு. மேசையில் பேசிய எண் இத்தனை முக்கியமாவது இந்தக் கடிகாரம் ஓடுவதால்.

விலை அபாயத்தைக் கடனால் தடுத்துவிடலாம். சுங்கவரியை யாராலும் தடுக்க முடியாது. 2024 ஜூலை 23-ல் மத்திய நிதிநிலை அறிக்கை தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தது. வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். நாடு முழுக்கக் கடைத் தட்டுகளிலும் பட்டறைகளிலும் கிடந்த தங்கமோ பழைய வரியைக் கட்டி உள்ளே வந்தது. மறுநாளே புதிய வரியின் விலைக்கு விற்றாக வேண்டும். டைட்டன் அந்த ஒரு காலாண்டில் மட்டும் இதன் பாதிப்பாகச் சொன்ன தொகை 290 கோடி ரூபாய் அளவில். சரக்கு எவ்வளவு குறைவாக இருந்ததோ அவ்வளவுக்குத் தப்பித்தார்கள். ‘கடை நிறைந்திருக்க வேண்டும்’ என்று எப்போதும் வாதாடுகிற விற்பனைப் பிரிவுக்கு இதைவிடக் கசப்பான பதில் கிடையாது.

ஆலைக்குள் ஒரு கிலோ சுத்தத் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் சேர்த்து உருக்கினால் 22 கேரட் தங்கம் சுமார் 1,091 கிராம் கிடைக்கும், 136 பவுன். அதில் நம்முடையது இரண்டு. கட்டியைத் தட்டி, உருளைகளுக்கிடையே விட்டு, அச்சுத் துளைகள் வழியே இழுத்து இழுத்துக் கம்பியாக்குகிறார்கள். பதக்கம் மெழுகில் பிறக்கும். மெழுகுப் பதக்கங்களை ஒரு தண்டில் கிளை கிளையாக ஒட்டி, பிளாஸ்டர் ஊற்றி, சூளையில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் தங்கத்தை வார்ப்பார்கள். மணி கோக்கும் வேலை மட்டும் கை. கண்ணாடி மணி நெருப்பைத் தாங்காது. பற்றவைக்க வேண்டியதையெல்லாம் முடித்து, மெருகு போட்டு, கடைசியில்தான் கருமணியைக் கோக்க முடியும்.

திட்டமிடுகிறவருக்கு இந்தக் கடைசி வேலை ஒரு வரம். கண்ணிகளும் கொக்கியும் பதக்கமும் தனித்தனியே தயாராக இருந்தால் போதும். கருமணி ஏறி ஓசூருக்குப் போவதா, மணியே இல்லாமல் சேலத்துக்குப் போவதா என்ற முடிவைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போடலாம். ஆறு மாதம் முன்பே துல்லியமாகச் சொல்ல வேண்டியது மொத்த அளவை மட்டும். எந்த வீட்டு நகை என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முன்கூட்டிச் சொல்ல முடியாததைச் சொல்ல முயன்று தோற்பதைவிட, சொல்ல வேண்டிய நாளைப் பின்னுக்குத் தள்ளுவது மேல். இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கிற அறிவு இது.

ஓசூரில் டைட்டன் அமைத்த காரிகர் பார்க்கில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களில் கணிசமானோர் மேற்கு வங்கத்துக் கைவினைஞர்கள். காலையில் தங்கத்தை எடை போட்டு வாங்குவார்கள். மாலையில் நகையையும் தூளையும் எடை போட்டுத் திருப்புவார்கள். மேசையில் உதிர்ந்த அரத்தூள், கை கழுவிய தண்ணீர், தரையைக் கூட்டிய குப்பை எல்லாவற்றிலிருந்தும் தங்கம் மீட்கப்படும். சேதாரம் என்று வாடிக்கையாளர் தலையில் விழுகிற எண்ணின் பின்னால் இத்தனை துடைப்பும் வடிகட்டலும் இருக்கின்றன.

இயந்திரத்தின் திறனை ஒருமுறை அளந்தால் போதும். மனிதரின் திறன் துர்கா பூஜையோடு சேர்ந்தது. 2025-ல் பூஜை செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் 2-ல் முடிந்தது. தீபாவளி அக்டோபர் 20. நாடு முழுவதும் தங்கம் வாங்க அணிவகுக்கும் நாளுக்குச் சரியாக மூன்று வாரம் முன்பு, செய்கிறவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். போகத்தான் வேண்டும், ஆண்டு முழுக்கப் பிள்ளைகளைப் பிரிந்து உட்கார்ந்தவர்கள். அதனால் தீபாவளி நகையை ஆவணியில் முடித்தாக வேண்டும். ஆவணி நகையைச் சித்திரையில் தொடங்க வேண்டும். வேப்பனப்பள்ளிப் பெண்ணின் சங்கிலி எப்போது பட்டறையில் ஏறுகிறது என்பதை முர்ஷிதாபாத்திலோ ஹூக்ளியிலோ உள்ள ஒரு வீட்டின் பூஜைப் பயணமும் சேர்ந்து முடிவு செய்கிறது.

பட்டறையிலிருந்து சங்கிலி ஹால்மார்க் மையத்துக்குப் போகும். 2021 ஜூன் முதல் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளம் ஒவ்வொரு நகைக்கும் வேண்டும். கொக்கியின் ஓரத்தில் லேசர் பொறித்த அந்த அடையாளத்தை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் எங்கே சோதிக்கப்பட்டது என்பது வரை தெரியும். இது வந்தபிறகுதான் சின்ன ஊர்ப் பெண்ணும் பெருநகரப் பெண்ணும் ஒரே உறுதியோடு தங்கம் வாங்குகிறார்கள். அந்த அளவில் இது பெரிய நீதி.

பிறகு பயணம். காப்பீடும் காவலும் கொண்ட வண்டி. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் முடிந்தது. தேர்தல் காலத்தில் மட்டும் எல்லை மறுபடி இறுகும். 2024-ல் மார்ச் 16-ல் நடத்தை விதி தொடங்கியது. கிருஷ்ணகிரியில் ஏப்ரல் 19-ல் வாக்குப்பதிவு முடிந்தாலும், பக்கத்துக் கோலாரில் ஏப்ரல் 26, குப்பத்தில் மே 13. உகாதியும் அட்சய திருதியையும் இந்த இடைவெளிக்குள்ளேயே விழுந்தன. 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றி ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பிடிக்கும்; தங்கம் ஏற்றிய வண்டியையும் நிறுத்திப் பில்லும் அனுமதியும் பார்ப்பார்கள். தக்காளி விற்ற பணத்தோடு நகை எடுக்கப் புறப்பட்ட விவசாயிக்கு ஆவணம் ஏது? மண்டிக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டுதான். மூன்று மாநிலம் சந்திக்கும் இடத்தில் திட்டம் போடுகிறவர் தேர்தல் ஆணையத்தின் அட்டவணையையும் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைத் தட்டில் உட்கார்ந்த சங்கிலிக்கு இப்போது தினமும் ஒரு செலவு. 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் பவுன் 75,000 ரூபாயை ஒட்டி இருந்தது. இரண்டு பவுனுக்கு ஒன்றரை லட்சம். செய்கூலி 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 18,000. மூன்று சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து வாடிக்கையாளர் கொடுப்பது 1,73,040 ரூபாய். தங்கத்தின் விலை வங்கிக்குப் போய்விடும். கைவினைஞர் கூலி, கடை வாடகை, ஊழியர் சம்பளம், விளம்பரம், வட்டி எல்லாம் அந்த 18,000-க்குள். சங்கிலி ஆறு மாதம் விற்காமல் கிடந்து, ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் ரூபாய்க் கடனாக இருந்தால், வட்டி மட்டும் 6,750. செய்கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. விற்காத மாதிரியை வேறு கடைக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். அங்கும் போகாவிட்டால் உருக்குவார்கள். தங்கம் அப்படியே திரும்பும். கைவினைஞரின் நாட்கள் திரும்பா. ஒரு தவறான எண்ணால் உண்மையில் வீணாவது மனித உழைப்பு என்பதால்தான் இந்தக் கணக்கில் எனக்கு இத்தனை அக்கறை.

விற்பனை எண்ணை ஊகிக்க நம் ஊரில் ஒரு பழைய கருவி உண்டு: நகைச்சீட்டு. மாதம் 2,000 கட்டுகிற ஒரு பெண் எந்த மாதம் நகை எடுக்க வருவாள் என்பது கடைக்கு முன்கூட்டியே தெரியும். முன்பு 11 தவணை கட்டினால் 12-வதைக் கடை போடும். 2013-ன் கம்பெனிச் சட்டத்தின் வைப்புத்தொகை விதிகள் வந்தபின் நிறுவனங்கள் அதைச் சுருக்கிக்கொண்டன. தனிஷ்க்கின் கோல்டன் ஹார்வெஸ்டில் பத்துத் தவணை. ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வேப்பனப்பள்ளி, சூளகிரிப் பெண்களின் சம்பளம் இப்படி மாதாமாதம் தன் வரவைத் தானே அறிவிக்கிறது. வெளிநாட்டில் லட்சக்கணக்கில் செலவழித்து மென்பொருளால் ஊகிப்பதை, சீட்டு நோட்டு எழுத்தில் வைத்திருக்கிறது. மாம்பழக் காசு அப்படி அறிவிக்காது. ஒரு ஆலங்கட்டி மழை வந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்து நகைக்கடைகளின் ஆனி, ஆவணி இரண்டும் சேர்ந்து படுத்துவிடும்.

திட்டம் போடுகிறவர் பார்க்க வேண்டிய இன்னொரு வரம்பு இரண்டு லட்சம் ரூபாய். அதற்கு மேல் வாங்கினால் பான் எண் வேண்டும். அந்தத் தொகையை ரொக்கமாகவும் வாங்கக் கூடாது. பவுன் 75,000-ல் இரண்டு பவுன் சங்கிலி அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. விலை ஏற ஏற அதே சங்கிலி கோட்டைத் தாண்டிவிடும். வாங்குகிறவர் பணத்தைக் கூட்ட மாட்டார், எடையைக் குறைப்பார். 16 கிராம் கேட்டவர் 12 கேட்பார். கம்பி மெலியும், மணிகள் கூடும். மாசியில் போட்ட எண் எடையில் இருந்தால் ஆவணியில் பொய்க்கும். நகைகளின் எண்ணிக்கையிலும் விலைப் பட்டையிலும் போட்டிருந்தால் ஓரளவு தாங்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஊரில் ஆசாரி இருந்தார். அவரிடம் சரக்கு இல்லை, வட்டி இல்லை. எந்த வீட்டில் பெண் கலியாணத்துக்கு வளர்ந்து நிற்கிறாள், எந்த வீட்டு நிலம் விளைந்தது என்பது அவருக்குத் தெரியும். அவரவர் தங்கத்தை அவரவர் கொண்டுவந்து கொடுப்பார்கள். மாற்றுக் குறைந்தால் கேட்க முடியாது, முகூர்த்தத்துக்கு நகை முடியாவிட்டாலும் கேட்க முடியாது. அந்தக் குறைகளை மறைத்துப் பழையதைப் புகழ நான் தயாரில்லை. தனிஷ்க் 1990களின் இறுதியில் கடைகளில் வைத்த காரட்மீட்டர் என்ற எக்ஸ்ரே கருவி, எத்தனை வீட்டு நகைகள் 22 கேரட் என்ற பெயரில் குறைந்த மாற்றில் இருந்தன என்பதை உரசாமல் உருக்காமல் காட்டிக்கொடுத்தது. ஆனால் ஆசாரியிடம் இருந்த ஒரு அறிவு புதிய ஏற்பாட்டுக்கு இன்னும் முழுதாக வரவில்லை: யார் வீட்டுக்கு எது வேண்டும் என்பது.

இன்று ஓசூர்க் கடைக்கு வருகிறவர்களில் பலர் பழைய நகையோடு வருகிறார்கள். பாட்டியின் அட்டிகை, கழற்றிப் போட்ட கம்மல், அறுந்த கொடி. எல்லாம் உருகி ஒன்றாகும். தங்கவயலில் ஒரு தொழிலாளி குடும்பம் சேர்த்த குண்டுமணித் தங்கமும் சுவிஸ் கட்டியும் ஒரே மூசையில் கலந்தபின் பிரித்தறிய வழியில்லை. விலை ஏறிய இந்த ஆண்டுகளில் இப்படி வரும் தங்கம் திட்ட மேசையில் தனிப் பத்தியாகவே உட்கார்ந்துவிட்டது. எந்த ஊரில் எவ்வளவு திரும்பும் என்பதையும் ஊகித்தால்தான் எவ்வளவு இறக்குமதி செய்வது, எவ்வளவு கடன் வாங்குவது என்று சொல்ல முடியும்.

ஆனால் அந்த மேசையில் இல்லாத ஒரு பத்தியைத்தான் நான் கேட்கிறேன். கணினிக்கு விற்றது தெரியும். கேட்டுக் கிடைக்காமல் போனது தெரியாது. நல்லபூசலு கேட்டு, ‘இந்த எடையில் இல்லைம்மா’ என்ற பதிலோடு படியிறங்கிப் போகிற ஒரு தாயும் மகளும் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த நகைக்குத் தேவையே இல்லை என்று எண் சொல்லும். அடுத்த ஆண்டு அது இன்னும் குறைவாகச் செய்யப்படும். ஓசூர், கிருஷ்ணகிரிக் கடைகளில் மூன்று மொழியும் பேசுகிற விற்பனைப் பெண்கள் இருக்கிறார்கள். எந்த மொழியில், எந்த ஊரிலிருந்து, எந்த எடையில், எந்தப் பண்டிகைக்கு ஒரு நகை கேட்கப்பட்டு இல்லாமல் போனது என்று அன்றன்றைக்கு அவர்கள் எழுதிவைக்க ஒரு பதிவேடும், அந்தப் பதிவேட்டோடு அவர்களில் ஒருத்தி உட்கார அந்தத் திட்ட மேசையில் ஒரு நாற்காலியும் வேண்டும்.